பெய்த மழை எங்கே போகிறது? ஒரு கிணற்றை வைத்துக் கொஞ்சம் நீரியல்

சேலத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக் கிணறு அறுபது அடி ஆழம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மழை விட்டதும் கிணற்றை எட்டிப் பார்க்க ஓடினேன். தண்ணீர் ஒரு படிகூட ஏறவில்லை. அழுகையே வந்துவிட்டது. அப்பாரு பக்கத்தில் வந்து நின்று, "பொறு சாமி, இப்பத்தான் மண்ணு குடிச்சிட்டு இருக்குது" என்றார். ஆறாம் நாள் காலையில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, கிணறு ஏற ஆரம்பித்தது. வடக்குச் சுவரில் இருந்த பாறை வெடிப்பிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஊற்று வழிந்தது. வெடிப்புக்குக் கீழே பாறை கறுத்து மினுமினுத்தது, மேலே காய்ந்து கிடந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அந்த ஆறு நாளும் தண்ணீர் எங்கே இருந்தது? நீரியல் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதன் பின்னாலேயே வரும்.

பள்ளிப் புத்தகத்தில் நீர்ச்சுழற்சிப் படம் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து ஆவி, மேகம், மலையில் மழை, ஆறு, மறுபடி கடல். அந்தப் படத்தில் தப்பில்லை, ஆனால் அது நேரத்தைச் சொல்வதில்லை. நீராவியாக மேலே போன தண்ணீர் காற்றில் சராசரியாக ஒன்பது நாள்தான் தங்கும். ஆற்றில் சில வாரம். நிலத்தடியில் சில மாதமும் தங்கலாம், சில ஆயிரம் ஆண்டுகளும் தங்கலாம். கடலில் சராசரி 3,000 ஆண்டு. எல்லாம் ஒரே தண்ணீர்தான், ஆனால் ஓர் இடத்தில் ஓடுகிறது, ஓர் இடத்தில் ஊர்கிறது, ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. உலகத்துத் தண்ணீரில் சுமார் 97 சதவீதம் கடலில் இருக்கிறது. மிச்சமுள்ள நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டி, அடுத்த பெரிய பங்கு நிலத்தடி நீர். நாம் கண்ணால் பார்க்கிற ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்த்தாலும் நன்னீரில் அரை சதவீதம் வராது. அதனால் தண்ணீரைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. செய்தியில் "10 மில்லிமீட்டர் மழை" என்கிறார்கள். விழுந்த தண்ணீர் எங்கும் ஓடாமல், உறிஞ்சப்படாமல் அப்படியே நின்றால் தரைமேல் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுதான் அந்த அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக ஒரு லிட்டர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாக் கணக்கும் இதிலிருந்து வந்துவிடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர், அதாவது அறுபது குடம். அதே மழை ஓர் ஏக்கரில் பெய்தால் சுமார் 40,000 லிட்டர். மூன்று தண்ணி லாரியைத் தாண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மழை கிடைக்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக வருவது. 900 என்றே வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 36 லட்சம் லிட்டர் விழுகிறது. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. அப்புறம் ஏன் சித்திரையில் கிணறு வற்றுகிறது?

மண் முதலில் குடிக்கும்

மழைத்துளி தரையில் விழுந்ததும் அதற்கு இரண்டு வழி. உள்ளே இறங்கலாம், அல்லது மேலேயே வழிந்து ஓடலாம். எந்த வழி என்பதை மழையின் வேகமும் மண்ணின் வாகும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஒரு மணி நேரத்தில் கொட்டும் ஐந்து சென்டிமீட்டரும் ஒரு நாள் முழுக்கத் தூறும் ஐந்து சென்டிமீட்டரும் மழைமானியில் ஒன்றுதான், தரையில் ஒன்றில்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பழைய பால்பவுடர் டின்னின் அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு விரற்கடை ஆழம் மண்ணுக்குள் அழுத்தி நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். நான் எங்கள் தோட்டத்தில் மூன்று இடத்தில் செய்தேன். வேப்பமரத்தடியில், சருகை விலக்கிவிட்டு ஊற்றியபோது, நான் சொம்பைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் பாதி இறங்கிவிட்டது. உழுத காட்டில் சில நிமிடம் பிடித்தது. டிராக்டர் போய்வரும் தடத்தில் ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். தண்ணீர் அப்படியே நின்றது, ஓரத்தில் இரண்டு எறும்பு மிதந்துகொண்டிருந்தது. மூன்றும் ஒரே செம்மண். மரத்தடியில் வேரும் கறையானும் மண்புழுவும் துளை போட்டு வைத்திருக்கின்றன. தடத்தில் சக்கரம் அந்தத் துளைகளையெல்லாம் நசுக்கி மூடிவிட்டது.

சரி, உள்ளே இறங்கிய தண்ணீர் உடனே கிணற்றுக்குப் போகுமா என்றால், போகாது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இண்டு இடுக்குகளில் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். துணியை நனைத்துத் தொங்கவிட்டால் ஓரளவுக்கு மேல்தான் சொட்டும் இல்லையா, அதுபோல. மண் தன்னால் பிடித்துவைக்க முடிந்த அளவுக்குப் பிடித்துவைத்த பிறகு, மிஞ்சுவதுதான் கீழே இறங்கும். "மண்ணு குடிக்குது" என்று அப்பாரு சொன்னது இதைத்தான்.

சித்திரையில் ஒரு கோடைமழை ஐந்து சென்டிமீட்டர் பெய்தாலும் கிணறு அசையாது. காய்ந்து கிடக்கும் மண்ணே அவ்வளவையும் குடித்துவிடும். கார்த்திகையில் அதே ஐந்து சென்டிமீட்டர் பெய்தால், மண் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கிணறு ஏறும், ஓடையும் ஓடும். மழையளவு ஒன்றேதான், ஆனால் அதற்கு முன்னால் என்ன பெய்திருந்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. நீரியலில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. மண்ணுக்கு ஞாபகம் உண்டு.

2015 டிசம்பர் 1 அன்று சென்னைக்கு நடந்ததும் இந்தக் கணக்கில்தான் வரும். நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்திருந்தது. மண் நிறைந்துவிட்டது, ஏரிகளும் நிறைந்துவிட்டன. அதன்மேல் ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 47 சென்டிமீட்டர் என்றால் 47 கோடி லிட்டர். உள்ளே இறங்க இடமில்லாத தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் அடையாற்றுக்கு வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைப் பற்றிய வாதம் தனி. அதைப் பேசும்போதும் மண் நிறைந்திருந்தது என்கிற இந்த அடிப்படையை விட்டுவிடக் கூடாது.

வந்த வழியே மேலே போகும் பெரும்பங்கு

இப்போது மண்ணில் தங்கிய தண்ணீருக்கு வருவோம். அது எங்கே போகிறது? பெரும்பாலும் மேலே. வெயிலில் மண்ணிலிருந்தே கொஞ்சம் ஆவியாகும். அதைவிடச் செடிகொடிகள் வேரால் உறிஞ்சி இலை வழியாக வெளியே விடுவது அதிகம். காலையில் ஒரு முருங்கைக் கொப்பைப் பாலிதீன் பையால் மூடி, வாயை இறுக்கிக் கட்டிவிட்டு மத்தியானம் போய்ப் பாருங்கள். பையின் உட்புறம் முழுக்க வியர்த்து, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஒரு சின்னக் கொப்பிலேயே அவ்வளவு என்றால், ஊர் முழுக்க இருக்கும் மரத்தையும் பயிரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உண்மை மனிதர்களுக்குப் பிடிபடவே வெகுகாலம் ஆயிற்று. ஐரோப்பாவில் நெடுங்காலம், இவ்வளவு பெரிய ஆறுகளுக்கு மழை மட்டும் போதாது, கடல்நீர்தான் பூமிக்கடியில் சுரங்கவழியாக வந்து மலைகளில் ஊற்றாக வெளிப்படுகிறது என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள். பிரான்சில் பியர் பெரோ என்பவர் சேன் ஆற்றின் மேற்பகுதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அந்த நீர்ப்பிடிப்புப் பரப்பில் ஆண்டு முழுக்க எவ்வளவு மழை விழுகிறது, ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று. மழை, ஆற்றைப்போல் ஆறு மடங்கு இருந்தது. 1674இல் இதை வெளியிட்டார். ஆற்றுக்கு மழை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மீதி ஐந்து பங்கும் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பகுதி மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் வானத்துக்கே திரும்பியிருந்தது.

நம் ஊர் வெயிலில் இந்தப் பங்கு எளிதில் குறையாது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஒரு திறந்த ஏரியிலிருந்து நம் பகுதிகளில் ஆண்டுக்கு ஓர் ஆள் உயரத் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். பெய்வது முக்கால் ஆள் உயரம்கூட இல்லை. இது வீண் என்று நினைக்க வேண்டாம். பயிர் விளைவதே இந்த ஆவியாகும் தண்ணீரால்தான். கிணற்றுக்கு இது சேராது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

கிணற்றுச் சுவரைப் படிப்பது

எங்கள் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது படி வழியே இறங்கினால் நிலத்தின் குறுக்குவெட்டை அப்படியே பார்க்கலாம். மேலே நாலைந்து அடி செம்மண், வேர்கள் நீட்டிக்கொண்டு. அதன் கீழே முரம்பு. அப்புறம் கையால் பிட்டால் உதிரும் அளவுக்கு இற்றுப்போன பாறை, முப்பது முப்பத்தைந்து அடி வரை. ஒரு காலத்தில் கெட்டிப் பாறையாக இருந்து, காற்றும் மழையும் வெயிலும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து இப்படி ஆனது. அதற்கும் கீழே கெட்டிப் பாறை, ஆங்காங்கே வெடிப்பு. என் சிறுவயது ஊற்று அப்படியொரு வெடிப்பிலிருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் இப்படிக் கெட்டிப் பாறைமேல் இருக்கிறது. மணலும் வண்டலும் ஆழமாக இருப்பது காவிரிப் படுகை, கடற்கரை ஓரம் போன்ற இடங்களில்தான். இந்த ஒரு வேறுபாடு நம் கிணறுகளின் தலையெழுத்தையே மாற்றுகிறது.

நிலத்தடி நீர் என்றதும் பலர் மனதில் பூமிக்கடியில் ஓர் ஆறோ ஏரியோ வந்து நிற்கும். அப்படியில்லை. மணல் நிறைந்த ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றினால், மணலின் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும் அல்லவா, நிலத்தடி நீர் அப்படித்தான். கிணறு என்பது அந்த மணலில் விரலால் போட்ட குழி. சுற்றிலும் உள்ள நீர் அதற்குள் கசிந்து, சுற்றிலும் உள்ள மட்டத்துக்கு நிற்கிறது. கசியும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். 1856இல் பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீர்ப் பொறியாளர் ஆன்ரி தார்சி மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டுப் பார்த்து, சரிவும் மண்ணின் தன்மையும்தான் இந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். பருமணலில் ஒரு நாளில் சில அடி நகரலாம். களிமண்ணில் ஓர் ஆண்டு முழுக்க நகர்ந்தாலும் ஒரு சாண் தாண்டாமல் போகலாம். பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் சரசரவென்று வரும், இல்லாத இடத்தில் சுத்தமாக வராது. ஐம்பது அடி தள்ளிப் போட்ட இரண்டு போர்வெல்லில் ஒன்றில் தண்ணீர் கொட்டுவதும் மற்றொன்றில் புகை பறப்பதும் இதனால்தான். ஆழம் போகப்போக மேலிருக்கும் பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகிக் குறைகின்றன. ஆயிரம் அடி போட்டால் நிச்சயம் தண்ணீர் என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெய்யும் மழையில் எவ்வளவு கீழே போய்ச் சேரும்? இந்தியாவில் நிலத்தடி நீரைக் கணக்கிட அரசு வகுத்த வழிமுறையில் மண்ணுக்கு ஏற்ற சதவீதங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரை வண்டலுக்கு 16. களி குறைந்த, இற்றுப்போன கிரானைட் போன்ற பாறைக்கு 11. களி மிகுந்திருந்தால் 8. வெடிப்பே இல்லாத பாறைக்கு 1. எங்கள் தோட்டத்துக்கு 11 என்றே தாராளமாக எடுத்துக்கொள்வோம். 900 மில்லிமீட்டர் மழையில் சுமார் 100 மில்லிமீட்டர். ஓர் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். முன்பு பார்த்த 36 லட்சத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்.

ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது 48 லட்சம் லிட்டர். வயலில் நேராக விழும் மழை அதில் கொஞ்சத்தைத் தரும், பாய்ச்சியதில் ஒரு பகுதி மறுபடி கீழே இறங்கும் என்பதெல்லாம் உண்மை. அதைக் கழித்துக்கொண்டாலும், கிணற்றை மட்டும் நம்பிப் பாறை நிலத்தில் ஓர் ஏக்கர் நெல் என்பது சுற்றியுள்ள பல ஏக்கரின் ஊறலைக் குடிக்கிற காரியம். பழைய ஆட்கள் கிணற்றுப் பாசனத்தில் ராகியும் சோளமும் கடலையும் வைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது, எழுதி வைக்காவிட்டாலும்.

இன்னொன்று. அந்த 100 மில்லிமீட்டர் கீழே போய்ச் சேர்ந்தால் கிணறு எவ்வளவு ஏறும்? 100 மில்லிமீட்டர்தானா? இல்லை. இற்றுப்போன பாறையில் தண்ணீர் வந்துபோகும் காலியிடம் அதன் கன அளவில் 3 சதவீதம் அளவுக்குத்தான். மீதி எல்லாம் கல். அதனால் 100 மில்லிமீட்டர் தண்ணீர் நிரம்ப 3,300 மில்லிமீட்டர் உயரம் தேவைப்படும். கிணறு பதினோரு அடி ஏறிவிடும். காலியிடம் 16 சதவீதம் உள்ள ஆற்று மணலில் அதே தண்ணீர் சேர்ந்தால் இரண்டு அடிதான் ஏறும்.

பாறை நிலத்துக்காரர்கள் நல்ல மழைக்குப் பின் ஏமாறுவது இங்கேதான். கிணறு பதினோரு அடி ஏறியதும் இந்த வருசம் கவலையில்லை என்று தோன்றும். பார்க்க நிறையத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே நாலு விரற்கடைத் தண்ணீர். அது எவ்வளவு வேகமாக ஏறியதோ, மோட்டார் போட்டால் அவ்வளவு வேகமாக இறங்கும்.

மழையில்லாத நாளில் ஓடும் ஓடை

மழை நின்று ஒரு மாதம் ஆன பிறகும் ஓர் ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடினால், அது எங்கிருந்து வருகிறது? நிலத்தடியிலிருந்துதான். ஓடையின் படுகையைவிடச் சுற்றியுள்ள நீர்மட்டம் உயரமாக இருந்தால், நிலம் பக்கவாட்டில் கசிந்து ஓடைக்குத் தண்ணீர் கொடுக்கும். தாமிரபரணி ஆண்டு முழுக்க ஓடுவதற்கு இரண்டு பருவமழையும் கிடைப்பது ஒரு காரணம் என்றால், பொதிகைக் காட்டு மண் அந்த மழையைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவது இன்னொரு காரணம்.

நீர்மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது ஓடை நிலத்துக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். எங்கள் ஓடையில் தை மாதம் வரை கால் நனையத் தண்ணீர் ஓடியதாக அப்பத்தா சொல்லும். இப்போது மழை விட்ட நாலாம் நாள் மணல் தெரிகிறது. மழை குறைந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பழியை முழுக்க மழைமேல் போட மனமில்லை. சுற்றிலும் போட்ட போர்களால் நீர்மட்டம் படுகையைவிட எவ்வளவோ கீழே போய்விட்டது. ஓடையை ஓடவைத்தது மேலிருந்து வந்த தண்ணீரைவிடப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர்தான், அது இப்போது இல்லை.

தமிழ்நாட்டில் உள்ள 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் வேலை புரியும். சரிவுக்குக் குறுக்கே ஒரு கரை போட்டு, ஓடிப்போக இருந்த தண்ணீரைச் சில மாதம் நிற்கவைக்கிறார்கள். நின்ற தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது, நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது, அடியில் கசிந்து கரைக்குக் கீழே இருக்கும் கிணறுகளுக்கும் போகிறது. ஏரி நிறைந்த ஆண்டில் ஆயக்கட்டுக் கிணறுகள் கோடையிலும் தாக்குப்பிடிப்பதை எந்த விவசாயியும் சொல்வார். ஒரு விசயம் கவனிக்க வேண்டும். நுண்ணிய களி படிந்து படிந்து ஏரியின் அடி ஒரு தட்டுபோல இறுகிவிட்டால் கசிவு குறைந்துவிடும், அப்போது ஆவியாகிப் போவதுதான் கூடும். வண்டல் எடுப்பது கொள்ளளவுக்காக மட்டும் இல்லை.

2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் ஏறக்குறைய வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் சென்னைக்குப் போனது. மூன்றரை ஆண்டுக்கு முன்னால் ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டும் ஒரே நாளில் விழுந்தது 47 கோடி லிட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் ஊரிலோ வீட்டிலோ ஒரு திறந்த கிணறு இருந்தால், இதையெல்லாம் நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடாத விடியற்காலையில், மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்து எழுதிவையுங்கள். நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, மழை நாளில் அளவுகோலால் அளந்து அதையும் பக்கத்தில் எழுதுங்கள். புரட்டாசிக்கும் தைக்கும் நடுவே கிணறு எத்தனை மீட்டர் ஏறியது என்று பார்த்து, பாறை நிலமானால் அதை 0.03ஆல் பெருக்குங்கள். அந்த மழைக்காலத்தில் உங்கள் நிலம் தேக்கிவைத்த தண்ணீரின் உயரம் தோராயமாக வந்துவிடும். எங்கள் கிணற்றுக்கு நான் மோட்டார் ரூம் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வருகிறேன். போன மழைக்காலத்தில் மூன்று மீட்டர் ஏறியது. ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீர்.